பாண்டி ட்ரிப் ரத்தானால்: பிறந்தநாளைச் சென்னையிலேயே கிராஃப்ட் பீரோடு நடத்தும் வழி

பிறந்தநாளுக்குப் பாண்டிச்சேரி போய், காய்ச்சுகிற இடத்திலேயே உட்கார்ந்து கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகளில் கொஞ்சமாக, தனித்தனிச் சுவையில் காய்ச்சுவது) குடிப்பதாகத் திட்டம். முதல் நாள் மாலையில் ஒருவருக்கு லீவு இல்லை என்றாகிறது, இன்னொருவரின் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, ஈ.சி.ஆர். பக்கம் கனமழை என்று வானிலை மையம் சொல்கிறது. ட்ரிப் போச்சு. கையில் இருப்பது ஆறு பேர், ஒரு சாயங்காலம், சென்னை.

முதலில் பெங்களூர்க் கனவை இறக்கி வைத்துவிட வேண்டும். இந்திராநகரில் ஒரே மாலையில் மூன்று பிரூவரி ஏறி இறங்கலாம். சென்னையில் அது நடக்காது. இங்கே சில்லறை மது விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். நிதானமாக உட்கார்ந்து குடிக்கத் தோதான பார்கள் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலுக்குள்ளோ கிளப்புக்குள்ளோதான் இருக்கின்றன. கிராஃப்ட் வகை பீரும் அங்கேதான் கிடைக்கும்: டேப்பில், அதாவது பீப்பாயிலிருந்து குழாய் வழியாக, ஒன்றோ இரண்டோ, மீதி பாட்டிலும் கேனும். அதனால் பார் பாராக அலையாமல் ஒரே மேஜையைப் பிடித்து, அந்த மேஜைக்கு நாலு வகையை வரவழைப்பதுதான் இந்த ஊருக்குச் சரிவரும். அலைந்தால் ட்ராஃபிக்கில் பாதி மாலை போய்விடும். ஒவ்வொரு வாசலிலும் கவர் சார்ஜ் என்று நுழைவுக் கட்டணம் கேட்பார்கள், அது வேறு.

ஊர் மாறினால் சட்டமும் மாறும்

பாண்டித் திட்டத்தை அப்படியே சென்னைக்குத் தூக்கி வைக்கும்போது பலரும் கோட்டை விடுவது வயதில். புதுச்சேரியில் குடிக்கச் சட்டப்படியான வயது 18, தமிழ்நாட்டில் 21. பிறந்தநாள்காரருக்கு இருபதாவது பிறந்தநாள் என்றால் அங்கே தடையில்லை, இங்கே வாசலிலேயே நிறுத்துவார்கள். நட்சத்திர ஹோட்டலில் அடையாள அட்டை கேட்பார்கள். போட்டோ எடுத்து வைத்த ஆதார் சில இடத்தில் செல்லாது, டிஜிலாக்கரில் திறந்து காட்டுவது நல்லது. கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் 21 ஆகவில்லை என்றாலும் பாரை விட்டுவிட்டு, அதே ஹோட்டலின் ரெஸ்டாரன்ட்டில் மேஜை கேளுங்கள். அங்கே மேஜைக்கு பீர் வருமா என்பதை போனிலேயே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது ட்ரை டே, அதாவது மது விற்காத நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது மற்ற நான்கு: திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மிலாதுன் நபி. திருவள்ளுவர் தினம் மாட்டுப் பொங்கலன்று வரும், வள்ளலார் நாள் தைப்பூசத்தோடு வரும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் காலண்டரை இரண்டு தடவை பார்க்கவும். டாஸ்மாக் கடை மட்டுமல்ல, ஹோட்டல் பாரும் அன்றைக்கு மூடியிருக்கும். தேர்தல் சமயமாக இருந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் கிடையாது.

"பாண்டியிலிருந்து யாராவது நாலு பாட்டில் எடுத்து வரட்டும்" என்ற யோசனை கூட்டத்தில் கட்டாயம் எழும். அங்கேயே அடக்கிவிடுங்கள். மாநிலம் தாண்டிச் சரக்கு கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், எல்லைச் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் கேனைத் திறக்கும் யோசனைக்கும் இதே பதில்தான். பொது இடத்தில் குடிப்பதே குற்றம். குடித்துவிட்டு அலையில் கால் நனைக்கப் போவது அதைவிட மோசம்.

ஒரு போன், ஆறு கேள்வி

மொத்த மாலையும் இந்த போன்காலில்தான் நிற்கிறது. ரிசப்ஷனில் பேசி முடித்துவிடாமல், பார் கவுன்ட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். மாலை 4 மணி நல்ல நேரம்: கூட்டம் வந்திருக்காது, பார்ட்டெண்டர் ஃப்ரிட்ஜை அடுக்கிக்கொண்டிருப்பார், எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும்.

"கிராஃப்ட் பீர் இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்று வரும். போய் உட்கார்ந்த பிறகு மெனுவில் உள்ள பத்தில் மூன்றுதான் வரும். மெனு அச்சடித்தது எப்போதோ, சரக்கு வந்தது போன வாரம். கேள்வியை இப்படி மாற்றுங்கள்: "இப்ப டேப்ல என்ன பீர் ஓடுது? கெக் என்னைக்குத் திறந்தீங்க?" கெக் என்பது 20, 30 அல்லது 50 லிட்டர் பீப்பாய். பாஸ்சரைஸ் செய்யாத (சூடாக்கிக் கிருமி நீக்காத) பீராக இருந்தால் திறந்து இரண்டு வாரத்துக்குள் காலியாவது நல்லது. வார நாளில் கூட்டமில்லாத பாரில் அது மாதக்கணக்கில் நிற்கும். "தெரியல சார்" என்று பதில் வந்தால் டேப்பை விட்டுப் பாட்டிலுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது கேள்வி: ஜெர்மன் கோதுமை பீர், பெல்ஜியன் விட் (பெல்ஜிய பாணிக் கோதுமை பீர்), ஐ.பி.ஏ. (கசப்பு தூக்கலான பீர்), ஸ்டவுட் (கறுப்பு பீர்) ஆகிய நாலில் எது எது, ஒவ்வொன்றிலும் எத்தனை பாட்டில்? எண்ணிக்கை முக்கியம். ஒரே ஒரு ஸ்டவுட் இருந்தாலும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஹோகார்டன், எர்டிங்கர், கின்னஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பதில் துல்லியமாக வரும். நாலும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. மூன்று இருந்தாலே அந்த இடத்தை முடிவு செய்துவிடலாம். முடிந்தால் பாட்டிலில் அச்சிட்ட தேதியையும் படிக்கச் சொல்லுங்கள். ஐ.பி.ஏ.வின் வாசம் மாதக்கணக்கில் தாங்காது, ஆறு மாதம் தாண்டியதில் கசப்பு மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது, கிளாஸ் எத்தனை மி.லி.? நம்மூரில் பைன்ட் பாட்டில் என்றால் 330, பெரிய பாட்டில் 650. ஆனால் டேப்பில் "பைன்ட்" என்பது 330, 400, 500 என எதுவாகவும் இருக்கலாம். 500 மி.லி. 600 ரூபாய், 330 மி.லி. 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 மி.லி.க்கு முதலாவது 120, இரண்டாவது 136. சின்னது மலிவாகத் தெரிந்தாலும் கணக்கு அப்படியில்லை.

நான்காவது, ஆண்கள் மட்டும் வந்தால் அனுமதி உண்டா, கவர் சார்ஜ் உண்டா? வெள்ளி, சனிகளில் இதில்தான் தகராறு வரும். ஐந்தாவது, வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா? ஆறாவது, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு? நள்ளிரவு 12 மணிக்கு பாரில் கேக் வெட்டலாம் என்ற நினைப்பு பெரும்பாலும் பலிக்காது. அதற்கு முன்பே கடைசி ஆர்டர் எடுத்து விளக்கைக் கூட்டிவிடுவார்கள். 12 மணிக் கேக்கை வீட்டில் வெட்டிவிட்டு, பிறந்தநாள் மாலைக்கு பாரை வைத்துக்கொள்வதே சரி.

பதில் சொன்னவர் பெயரைக் கேட்டு, மேஜையை ஆறு பேருக்கு 5.30 மணிக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் ஹேப்பி ஹவருக்கும் ஒத்துவரும், இரைச்சலும் ஏறியிருக்காது. உடையையும் கேட்டுக்கொள்ளலாம். செருப்பும் அரைக்கால் சட்டையும் பல ஹோட்டல் பார்களில் ஆகாது. வேட்டிக்காகத் தமிழ்நாட்டில் 2014-ல் ஒரு சட்டமே வந்தது. அரைக்கால் சட்டைக்காக யாரும் இன்னும் போராடவில்லை.

எந்தப் பகுதி என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். மழைக்காலத்தில் வீட்டுக்கும் பாருக்கும் நடுவே சுரங்கப்பாதை இல்லாத இடமாகப் பாருங்கள். தி.நகர் துரைசாமி சப்வே நிரம்பினால் திரும்பும் கேப் கட்டணம் எங்கேயோ போகும். கிண்டியிலிருந்து தேனாம்பேட்டை, டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு வரை அண்ணா சாலையை ஒட்டிய மெட்ரோ வரிசை இதற்குத் தோது.

எவ்வளவு, எந்த வரிசையில்

பிரூவரியில் ஃப்ளைட் என்று ஐந்தாறு சின்ன கிளாஸைப் பலகையில் வைத்துத் தருவார்கள். சென்னை பாரில் அது இல்லாவிட்டாலும் நாமே செய்துகொள்ளலாம். 330 மி.லி. பாட்டில் ஒன்று மூன்று பேருக்குத் தலா 110 மி.லி. வரும். ஆறு பேருக்கு ஒரு வகையில் இரண்டு பாட்டில், நாலு வகைக்கு எட்டு பாட்டில். ஆளுக்கு 440 மி.லி. ஆகிறது. அதன்பின் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததில் ஒரு முழு 330. மொத்தம் 770 மி.லி., பதினான்கு பாட்டில். நாலு மணி நேரத்துக்கு இது போதும். முதலிலேயே ஆளுக்கொரு பிட்சர் (பெரிய ஜாடி) சொல்லிவிட்டால் 1.5 லிட்டர் சூடாகி, பாதியில் வாயு போய்ச் சப்பென்றாகிவிடும்.

எட்டையும் ஒரே நேரத்தில் திறக்க விடாதீர்கள். பரிமாறுகிறவர் வேகமாக வேலையை முடிக்கவே பார்ப்பார். "ரெண்டு ரெண்டா திறங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வரிசை மென்மையிலிருந்து கசப்புக்கு. முதலில் பெல்ஜியன் விட். அதில் போடுவது கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். தனியா வாசம் நம் மூக்குக்குச் சட்டென்று பிடிபடும் என்பதால் புதிதாகக் குடிப்பவருக்கும் இதில் தொடங்குவது எளிது. அடுத்து ஜெர்மன் கோதுமை பீர். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஆனால் இரண்டையும் அதில் போடுவதில்லை, அந்த ஈஸ்ட் புளிக்கும்போது தானே உண்டாக்குகிற வாசம். மூன்றாவது ஸ்டவுட், கடைசியில் ஐ.பி.ஏ. ஸ்டவுட்டைக் கடைசியில் வைப்பவர்கள் உண்டு. ஆனால் ஐ.பி.ஏ.வில் ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டால் அதன்பின் ஸ்டவுட்டின் காபி வாசம் பாதிதான் தெரியும். கேக்குக்காக ஒரு ஸ்டவுட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டவுட் கறுப்பாக இருப்பதால் "ரொம்ப ஸ்ட்ராங்" என்று மேஜையில் யாராவது பயப்படுவார்கள். நிறம் வறுத்த பார்லியால் வருவது. கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பொன்னிறத்தில் மின்னும் "ஸ்ட்ராங்" பாட்டில்தான் 8 வரை போகும்.

கோதுமை பீரை ஊற்றும் விதம் வேறு. கிளாஸை 45 டிகிரி சாய்த்து, பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். மிச்சத்தோடு பாட்டிலை நாலு சுற்றுச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கி, கிளாஸை நிமிர்த்தி மேலே விடுங்கள். கலங்கலாக வந்தால்தான் அது சரி. "கெட்டுப்போச்சு" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மூன்று பேருக்குப் பங்கிடும்போது இந்த ஈஸ்டையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி கிளாஸ்காரருக்கு மட்டும் வேறு பீர் குடித்த மாதிரி இருக்கும்.

திருப்பி அனுப்ப வேண்டியது எதை? வெண்ணெய்ப் பாப்கார்ன் வாசம், வினிகர் புளிப்பு, நனைந்த அட்டைப்பெட்டி வாசம். டேப் பீரில் முதல் இரண்டும் வந்தால் குழாயைக் கழுவி நாளாகியிருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவியாக வேண்டும். அட்டை வாசம் பாட்டில் பழசானதால் வருவது. கிளாஸையும் வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள். உள்பக்கச் சுவரில் குமிழ்கள் கொத்துக்கொத்தாக ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பசையோ சோப்போ போகவில்லை. சுத்தமான கிளாஸில் குமிழ் மேலே ஏறிப் போகும். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் நிற்கும்.

ஃப்ரீசரில் வைத்து வெள்ளை பூத்த கிளாஸைப் பெருமையாக நீட்டுவார்கள். கிராஃப்ட் பீருக்கு அது வேண்டாம். ஐஸ் துகளில் பட்டு நுரை பொங்கும், குளிர் நாக்கை மரத்துப்போக வைக்கும். விட், கோதுமை 5 முதல் 8 டிகிரி, ஐ.பி.ஏ. 7 முதல் 10, ஸ்டவுட் 10 முதல் 13. தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம்: ஸ்டவுட்டை மற்றவற்றுக்குப் பத்து நிமிடம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கச் சொன்னால், சென்னை வெக்கை மீதியைப் பார்த்துக்கொள்ளும். டேப் பீர் என்றால் அன்றைய முதல் கிளாஸை நாம் வாங்காமலிருப்பது நல்லது. இரவெல்லாம் குழாயில் நின்ற பீர் அது. "லைனைக் கொஞ்சம் ஓட விட்டுட்டுக் குடுங்க" என்றால் புரிந்துகொள்வார்கள்.

சைட் டிஷ், கேக்

பெல்ஜியன் விட் பீருக்கு நெத்திலி வறுவல், வஞ்சிரம், எலுமிச்சை பிழிந்த வேர்க்கடலை மசாலா. கோதுமை பீருக்குச் சுண்டல், பனீர் டிக்கா. ஐ.பி.ஏ.வோடு சிக்கன் 65 மட்டும் வேண்டாம். ஆல்கஹாலும் வாயுவும் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், கசப்பு அதன் மேல் ஏறி உட்காரும், எரிகிறதே என்று இன்னும் குடிக்கத் தோன்றும். 65 தவிர்க்கவே முடியாத கூட்டம் என்றால் கோதுமை பீர் ஓடும்போதே அதை வரவழையுங்கள், லேசான இனிப்பு காரத்தைத் தாங்கும். ஐ.பி.ஏ.வுக்குக் கொழுப்புள்ள, காரம் குறைந்த பதார்த்தம் போதும்: மட்டன் சீக் கபாப், சீஸ் டோஸ்ட். வெறும் வயிற்றில் யாரையும் தொடங்க விடாதீர்கள், முதல் பாட்டிலுக்கு முன்பே ஒரு தட்டு மேஜைக்கு வந்துவிட வேண்டும்.

கேக்கை ருசி பார்த்து முடிந்த பிறகே வெட்டுங்கள். க்ரீம் பட்ட உதடு கிளாஸில் பட்டால் கொழுப்பு நுரையை அடியோடு கவிழ்த்துவிடும் (லிப்ஸ்டிக்கும் அதே வேலையைச் செய்யும்). ஆறு பேருக்கு அரைக் கிலோ தாராளம். சாக்லேட் ட்ரஃபிள், பிளாக் ஃபாரஸ்ட் இரண்டுமே ஸ்டவுட்டோடு சேரும். எடுத்து வைத்த பாட்டிலை இப்போது திறக்கலாம். பைனாப்பிள் கேக் என்றால் விட் தேவலை. பொறி பறக்கும் மெழுகுவத்தி, ஸ்னோ ஸ்ப்ரே, முகத்தில் க்ரீம் பூசுவது மூன்றுக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஏ.சி. அறையில் புகை அலாரம் கூப்பிட்டால் கொண்டாட்டம் லாபிக்கு வந்துவிடும்.

பில்லும் வீடும்

மெனு விலை கடைசி விலை அல்ல. சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., மதுவுக்கு மாநில வாட் தனி. "டாக்ஸ் எல்லாம் சேர்த்து இந்த பாட்டில் எவ்வளவு வரும்?" என்று ஒரு பாட்டிலுக்கு மட்டும் கேட்டு, பதினான்கால் பெருக்கிப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இருந்தால் எடுக்கச் சொல்லலாம். பிறந்தநாள்காரர் பங்கை ஐந்து பேர் பிரித்துக்கொள்வது பற்றி பில் வந்த பிறகு பேசாமல், போகும்போதே பேசிவிடுங்கள். குடிக்காதவர் இருந்தால் அவரை சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் சேருங்கள். அவருக்கு 0.0 என்று போட்ட ஆல்கஹால் இல்லாத பீர் இருக்கிறதா என்றும் அந்த 4 மணி போனிலேயே கேட்டிருக்கலாம்.

வண்டி ஓட்டுவதில் "ரெண்டு பீர்தானே" என்ற கணக்கு செல்லாது. சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஒரு 330 மி.லி. பாட்டில் 5 சதவீத பீரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். எழுபது கிலோ ஆண் அதைச் சீக்கிரம் குடித்தாலே 27 பக்கம் போய்விடும். ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் அந்த ஒரு பாட்டிலே வரம்பைத் தாண்டலாம். பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் போட்டிருக்கிறேன் என்பதற்குச் சலுகை கிடையாது.

மெட்ரோ இரவு 11 மணி சுமாருக்கு முடிந்துவிடும். 5.30-க்கு உட்கார்ந்து 9.30-க்கு எழுந்தால் தாராளமாகப் பிடிக்கலாம். கார் எடுத்து வந்திருந்தால் ஆக்டிங் டிரைவரை மாலையிலேயே பதிவு செய்யுங்கள். பார் மூடும் நேரத்தில் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது, இரவு பேட்டாவும் தனி. பைக்கை ஹோட்டலிலேயே விட்டுப் போவதென்றால் இரவு முழுக்க நிறுத்தலாமா என்று செக்யூரிட்டியிடம் கேட்டு, டோக்கனை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அதை எடுக்கப் போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7, 8 கிராம்தான் எரிக்கும். மேலே சொன்ன 770 மி.லி. சுமார் 30 கிராம், நாலு மணி நேரத்தில் தீரும், காலையில் பிரச்சினை இல்லை. அதற்குமேல் இரண்டு "ஸ்ட்ராங்" 650 அடித்தவருக்கு இன்னும் 80 கிராம் சேர்கிறது. அவர் மதியம் சாப்பிட்டுவிட்டு மெட்ரோவில் போய் வண்டியை எடுக்கட்டும்.